சென்னையைவிட குமரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்... விண்கல்லுக்குள் உயிரின் மூலப்பொருளைத் தேடியவர்: யார் இந்த சிரில் பொன்னம்பெரும?

1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சின்ன ஊர். காலை 11 மணி வாக்கில் வானத்தில் ஒரு தீப்பந்து பாய்ந்து போனது. இடி மாதிரி சத்தம். கொஞ்ச நேரத்தில் ஊரைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகக் கற்கள் விழுந்தன. ஒரு கல் கொட்டகையின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே கிடந்த வைக்கோலில் போய் விழுந்தது. பக்கத்தில் போனவர்களுக்கு ஸ்பிரிட் மாதிரி ஒரு வாசனை அடித்தது.

கல்லுக்கு ஏது ஸ்பிரிட் வாசனை? அந்தக் கல்லுக்குள் கார்பன் சேர்மங்கள் நிறைய இருந்தன. சேகரித்த துண்டுகளின் மொத்த எடை 100 கிலோவுக்கும் மேல். அதில் சில துண்டுகள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குப் போயின. அங்கே வேதிப் பரிணாமப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஓர் இலங்கைக்காரர். பெயர் சிரில் பொன்னம்பெரும.

பூமியில் உயிர் தோன்றியது பூமியிலேயேவா, இல்லை வெளியிலிருந்து வந்ததா? இன்று யூடியூப்பில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் வீடியோ கிடைக்கும். ஆனால் ஒரு கல்லை உடைத்து, பொடியாக்கி, வேகவைத்து, அதற்குள் இருப்பதை எண்ணிப் பார்த்துப் பதில் தேடியவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அவர்களில் முக்கியமானவர் பொன்னம்பெரும.

குமரிக்குப் பக்கத்து வீடு

பெயரைக் கேட்டால் நம்ம ஊர்க்காரர் மாதிரி இருக்கிறது, இல்லையா? பொன்னம்பெரும என்பது சிங்களக் குடும்பப் பெயர்தான். 1923 அக்டோபர் 16-ம் தேதி இலங்கையின் தென்முனையில் இருக்கும் காலி நகரத்தில் பிறந்தார். கோட்டையும் துறைமுகமும் உள்ள, நம்மவர்கள் கிரிக்கெட் பார்த்தே தெரிந்துவைத்திருக்கும் அதே காலி.

கன்னியாகுமரிக்காரர்கள் மேப்பை எடுத்து ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். குமரிமுனையிலிருந்து நேர்க்கோட்டில் காலிக்குச் சுமார் 370 கிலோமீட்டர். சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் கடலும் ஒரு நாட்டின் எல்லையும் இல்லை என்றால், நாகர்கோவிலில் இருப்பவருக்குச் சென்னையைவிட காலிதான் பக்கத்து ஊர்.

சென்னைக்கும் அவர் வந்தார். காலியிலும் கொழும்பிலும் பள்ளிப்படிப்பை முடித்தவர், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பாடம் வேதியியல் இல்லை, தத்துவம். உயிர் என்றால் என்ன, உலகம் எப்படி வந்தது என்று தத்துவத்தில் கேட்கும் கேள்விகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆய்வகத்தில் வைத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

ஆர்ட்ஸ் படித்தவர் நாசா விஞ்ஞானி ஆன இந்தக் கதையில் அவசரம் எதுவும் கிடையாது. லண்டன் போய், பிர்க்பெக் கல்லூரியில் வேதியியலில் பி.எஸ்சி. முடித்தபோது வருடம் 1959. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. நம்ம வீடுகளில் அந்த வயதில் ஒருவர் மறுபடி டிகிரி படிக்கக் கிளம்பினால் என்ன பேச்சு கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பிர்க்பெக்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜே.டி. பெர்னல். உயிரின் தோற்றம் பற்றி அந்தக் காலத்திலேயே தீவிரமாக யோசித்தவர். ஆதிகாலத்தில் களிமண் துகள்களின் மேல்தான் சிறு மூலக்கூறுகள் ஒட்டிச் சேர்ந்து பெரிதாகியிருக்கும் என்ற யோசனையை முன்வைத்தவர். அங்கிருந்து அமெரிக்காவின் பெர்க்லி. அங்கே வழிகாட்டி மெல்வின் கால்வின். தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் பாதையைக் கண்டுபிடித்ததற்காகக் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே, 1962-ல், பொன்னம்பெரும முனைவர் பட்டம் வாங்கினார். அதே வருடம் நாசாவுக்குள் நுழைந்தார்.

ஐந்து எழுத்து ரகசியம்

அவர் என்ன செய்தார் என்று புரிய, அதற்குப் பத்து வருடம் முன்னால் போக வேண்டும். 1953-ல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி விட்டார். ஒரு வாரத்தில் தண்ணீர் நிறம் மாறியது. சோதித்தால் அதில் அமினோ அமிலங்கள். நம்ம உடம்பில் உள்ள புரதங்களைக் கட்டும் செங்கல்கள் அவை.

உயிரே வந்துவிட்டதா? இல்லை. செங்கல் வந்தது, வீடு வரவில்லை. ஆனால் செங்கலுக்குத் தனியாக ஒரு கொத்தனார் வேண்டாம், சாதாரண வாயுவும் மின்னலும் போதும் என்று காட்டியதே பெரிய விஷயம்.

பொன்னம்பெரும பிடித்தது அடுத்த கேள்வியை. புரதம் சரி, டிஎன்ஏ? அதில் எழுதப் பயன்படும் எழுத்துகள் எங்கிருந்து வந்தன? தமிழுக்கு 247 எழுத்து. உயிருக்கு ஐந்தே ஐந்து: அடினின், குவானின், சைட்டோசின், தைமின், யுராசில். வாழை, நெத்திலி, மனுஷன், கொரோனா வைரஸ் எல்லாமே இந்த ஐந்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

1963-ல் கால்வினோடு சேர்ந்து அவர் செய்த சோதனையில், மீத்தேன், அம்மோனியா, நீர் கலவையின் மேல் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார்கள். கிடைத்தவற்றில் அடினினும் இருந்தது. அதே வருடம் கார்ல் சாகன், ரூத் மரைனர் ஆகியோருடன் இன்னொரு ஆய்வு. அடினினோடு சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்த்து, புற ஊதா ஒளி பட வைத்தார்கள். ஏடிபி உருவானது. ஒவ்வொரு செல்லும் வேலை செய்யச் செலவழிக்கும் சில்லறைக் காசு மாதிரி அந்த ஏடிபி. நடக்க, மூச்சு விட, இந்த வரியைப் படிக்கக்கூட அதுதான் செலவாகிறது.

எலெக்ட்ரான் கற்றை எதற்கு? ஆதி பூமியில் யார் அதைப் பாய்ச்சினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் மணவாளக்குறிச்சியில் இருக்கிறது. அங்கே கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியம் இருப்பதால் மணல் இயற்கையாகவே கதிர்வீச்சை வெளியிடுகிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்த மணலை அடையாளம் கண்டதிலிருந்து உலகத்துக்கே தெரிந்த விஷயம் இது. பாறைக்குள் இருக்கும் கதிரியக்கம் காலம் போகப் போகக் குறையும். அப்படியென்றால் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் பாறைகளில், முக்கியமாகப் பொட்டாசியத்தின் கதிரியக்க வகையிலிருந்து, இன்றைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு வந்திருக்கும். மின்னல், சூரியனின் புற ஊதா ஒளி, எரிமலைச் சூடு ஆகியவற்றோடு இதுவும் ஓர் அடுப்பு. பொன்னம்பெரும ஒவ்வோர் அடுப்பையும் மாற்றி மாற்றிப் பற்றவைத்துப் பார்த்தார்.

நிலா ஏமாற்றியது, கல் ஏமாற்றவில்லை

1969 ஜூலையில் அப்போலோ 11 நிலாவிலிருந்து மண் கொண்டுவந்தது. அதில் உயிரின் தடயமோ, உயிருக்கு வேண்டிய கரிமப் பொருள்களோ இருக்கிறதா என்று தேடியவர்களில் பொன்னம்பெருமவின் குழுவும் ஒன்று. நிலா மண்ணில் நம்ம ஊர் அழுக்கு ஒரு துளிகூடக் கலக்கக்கூடாது என்பதற்காக ஏம்ஸில் மிகச் சுத்தமான ஆய்வகம் தயாராக இருந்தது. முடிவு? உயிர் எதுவும் இல்லை. கார்பன்கூட ரொம்பச் சொற்பம்.

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்திருப்பார்கள். ஆனால் அப்போலோ 11 திரும்பி இரண்டே மாதத்தில்தான் மர்ச்சிசனில் கல் விழுந்தது. உலகத்திலேயே சுத்தமான ஆய்வகங்களில் ஒன்று, கருவிகள், பழகிய கைகள் எல்லாம் தயாராக இருந்த நேரம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பெரிய சிக்கல். விண்கல்லில் உயிரின் அடையாளம் கிடைத்தது என்று அதற்கு முன்னாலும் பலர் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மூக்குடைபட்டுத்தான் திரும்பினார்கள்.

1864-ல் பிரான்ஸின் ஓர்கெய் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டு ஒன்று நூறு வருடம் ஜாடிக்குள் மூடியே கிடந்தது. 1960-களில் திறந்து பார்த்தால் உள்ளே விதைகள்! விண்வெளியில் செடியா என்று ஆராய்ந்தபோது வெளுத்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பூமியில் விளைந்த விதைகளைக் கல்லுக்குள் திணித்து, கரித்தூளும் பசையும் வைத்துப் பூசியிருந்தார். நூறு வருடம் யாரும் கவனிக்கவே இல்லை.

அதைவிட மோசம் 1965-ல் வந்த ஆய்வு முடிவுகள். மனுஷ விரலின் ரேகை பட்டாலே போதும், கருவியில் அமினோ அமிலம் காட்டும் என்று நிரூபித்துவிட்டார்கள். அதாவது, விண்கல்லில் கிடைத்தது என்று பீற்றிக்கொண்டது எல்லாம் கல்லைத் தொட்டவரின் வியர்வையாக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தோடுதான் உலகம் மர்ச்சிசன் கல்லையும் பார்த்தது. பொன்னம்பெரும குழு தப்பு செய்திருந்தால் அந்தத் துறையே இன்னும் இருபது வருடத்துக்குத் தலை தூக்கியிருக்காது.

இடது கையா, வலது கையா?

குழு என்ன செய்தது? விரிசல் குறைவான துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, உட்பகுதியை மட்டும் எடுத்துப் பொடித்து, நீரில் வேகவைத்துச் சாறு இறக்கினார்கள். பிறகு அமிலத்தில் சூடாக்கி, மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் கருவியில் விட்டார்கள். கிளைசின், அலனின், வாலின், புரோலின், குளுட்டமிக் அமிலம் என்று வரிசையாக வந்தன. எல்லாம் நம்ம உடம்பில் இருப்பவை.

இதோடு நிறுத்தியிருந்தால் பழைய கதைதான். யாராவது விரல் நீட்டியிருப்பார்கள், வியர்வை என்று. பொன்னம்பெருமவும் குழுவின் முதன்மை ஆய்வாளர் கீத் குவென்வோல்டனும் மற்றவர்களும் இன்னொரு சோதனை செய்தார்கள்.

உங்கள் இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான். ஆனால் இடது கை கிளவுஸ் வலது கைக்குச் சரியாகப் பொருந்தாது. அமினோ அமிலங்களிலும் இப்படி இடக்கை வகை, வலக்கை வகை என்று உண்டு. ஆய்வகத்தில் கலந்து தயாரித்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வரும். ஆனால் பூமியில் உள்ள உயிர்கள் புரதம் கட்டுவதற்கு இடக்கை வகையை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன. பாக்டீரியாவும் அப்படித்தான், பனைமரமும் அப்படித்தான். மனுஷ வியர்வையிலும் பெரும்பாலும் இடக்கைதான்.

ஆக, மர்ச்சிசன் கல்லில் கிடைத்தது யாரோ தொட்ட அழுக்கு என்றால் இடக்கை வகை அதிகமாக இருக்க வேண்டும். இருந்ததா? இல்லை. இரண்டும் கிட்டத்தட்டச் சரிசமம்.

அது மட்டுமில்லை. நம்ம புரதங்களில் இடமே இல்லாத சில அமினோ அமிலங்களும் அந்தக் கல்லில் இருந்தன. எந்த விரலிலிருந்தும் அவ்வளவு சுலபமாக ஒட்டியிருக்க முடியாதவை. கார்பனின் வகையை அளந்து பார்த்தபோதும் அது பூமி உயிர்களின் கார்பன் மாதிரி இல்லை, கனமான கார்பன் கூடுதலாக இருந்தது. மூன்று சாட்சியும் ஒரே திசையைக் காட்டின.

1970 டிசம்பரில் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. சூரியக் குடும்பம் உருவான காலத்து, சுமார் 460 கோடி ஆண்டு பழைய பொருளில், உயிரே இல்லாமல், வெறும் வேதியியலால் அமினோ அமிலங்கள் உருவாகியிருக்கின்றன. அப்போது பொன்னம்பெருமவுக்கு வயது 47.

அப்படின்னா உயிர் விண்வெளியிலிருந்துதான் வந்ததா?

இங்கேதான் ரொம்பப் பேர் குழம்புவார்கள். பல தலைப்புச் செய்திகளும் இந்த இடத்தில்தான் சறுக்கும். விண்கல்லில் கிடைத்தது உயிர் இல்லை. பலசரக்கு. மளிகைக் கடையிலிருந்து துவரம்பருப்பும் புளியும் வந்து இறங்கினால் சாம்பார் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

உயிரே, அதாவது கிருமி வடிவத்தில், வானத்திலிருந்து விழுந்தது என்பது வேறு கருத்து. அதற்குப் பான்ஸ்பெர்மியா என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ் இதைப் பரப்பினார். பின்னாளில் பிரிட்டனின் ஃபிரெட் ஹாய்லும் அவரோடு சேர்ந்து இன்னோர் இலங்கைக்காரரும் அதை உலகமெங்கும் பேச வைத்தார்கள். அந்த இலங்கைக்காரர் சந்திர விக்ரமசிங்க. விண்வெளித் தூசியிலேயே நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவை இன்றும் பூமியில் விழுகின்றன, சில நோய்களே அப்படி வந்தவைதான் என்றுகூட அவர்கள் எழுதினார்கள்.

இரண்டு இலங்கைக்காரர்கள், ஒரே கேள்வி, இரண்டு வழி. பொன்னம்பெருமவின் பார்வையில் உயிர் என்பது வேதியியலின் தொடர்ச்சி. சரியான பொருளும் ஆற்றலும் நேரமும் கிடைத்தால் அது எங்கேயும் நடக்கும். பூமிக்கு என்று தனிச் சலுகை எதுவும் இல்லை. அதனால்தான் வேற்றுக் கிரகத்தில் உயிர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று அவர் நம்பினார். வேற்றுலக நாகரிகங்களோடு தொடர்புகொள்வது பற்றி 1974-ல் ஏ.ஜி.டபிள்யூ. கேமரனோடு சேர்ந்து ஒரு நூலையும் தொகுத்தார். ஆனால் உயிரே மூட்டைகட்டிக்கொண்டு வந்து இறங்கியது என்ற இடத்துக்கு அவருடைய சான்றுகள் போகவில்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2001 ஜூலையில் கேரளத்தின் கோட்டயம் பக்கம் சிவப்பு மழை பெய்தது. குமரி மாவட்டத்திலும் அந்தப் பேச்சுதான். விண்வெளி செல்கள் விழுந்துவிட்டன என்று சிலர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். திருவனந்தபுரத்தில் தாவரவியல் ஆய்வாளர்கள் அந்தத் தண்ணீரில் இருந்ததை வளர்த்துப் பார்த்தார்கள். வந்தது டிரென்டிபோலியா என்ற பாசி. மழைக்கால மரப்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் படிந்திருக்குமே, அந்த வகை. 2012 கடைசியில் இலங்கையின் பொலன்னறுவையில் விழுந்த கற்களில் உயிர்த் தடயம் என்று விக்ரமசிங்க குழு அறிவித்தபோதும், அது விண்கல்லே இல்லை என்று பல விஞ்ஞானிகள் மறுத்தார்கள்.

இஸ்ரோவும் இந்த விஷயத்தில் இறங்கியது உண்டு. 2005-ல் ஹைதராபாத்திலிருந்து பலூன் விட்டு 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்துக் காற்றைப் பிடித்து வந்ததில் மூன்று புதிய பாக்டீரியா வகைகள் கிடைத்தன. ஒன்றுக்கு ஹாய்ல் பெயரையும், மற்ற இரண்டுக்கு இஸ்ரோ, ஆர்யபட்டா பெயர்களையும் வைத்தார்கள். 2009-ல் அறிவித்தபோதே, இவை விண்வெளியிலிருந்து வந்தவை என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது என்றும் இஸ்ரோ தெளிவாகச் சொல்லிவிட்டது.

39 வருடம் காத்திருந்த அறிவிப்பு

1971-ல் பொன்னம்பெரும நாசாவை விட்டு மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே வேதிப் பரிணாம ஆய்வகத்தைத் தொடங்கி, கடைசிவரை அதை நடத்தினார். அண்டார்டிகா பனியில் புதைந்து கிடந்த விண்கற்களை அவர் குழு எடுத்துச் சோதித்தது. உறைபனியில் கிடந்ததால் அவற்றில் பூமி அழுக்கு கலக்க வாய்ப்பு குறைவு. 1979-ல் அவற்றிலும் அமினோ அமிலங்கள் இருப்பதைக் காட்டினார்கள். 1980-ல் உயிரின் தோற்றம் பற்றி ஆராயும் சர்வதேச சங்கம், ரஷ்ய விஞ்ஞானி ஓபாரின் பெயரிலான தங்கப் பதக்கத்தை முதன்முதலாக அவருக்குத்தான் கொடுத்தது. (ஓபாரினோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் ஹால்டேன். அந்தப் பிரிட்டன் விஞ்ஞானி இந்தியக் குடியுரிமை வாங்கி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார் என்பது பலருக்குத் தெரியாது.)

1983 ஆகஸ்டில் வாஷிங்டனில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டம். அங்கே பொன்னம்பெரும ஒரு பெரிய அறிவிப்பு செய்தார். உயிரின் அந்த ஐந்து எழுத்துகளும், ஐந்துமே, மர்ச்சிசன் கல்லில் கிடைத்துவிட்டன. பத்திரிகைகளில் முக்கியச் செய்தி ஆனது.

ஆனால் அறிவியல் உலகம் உடனே கைதட்டவில்லை. அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அடினின், குவானின், யுராசில் என மூன்றை ஏற்றுக்கொண்டன. சைட்டோசினும் தைமினும் உறுதியாகவில்லை. அவை சுலபமாகச் சிதையக்கூடியவை, அளவும் ரொம்ப ரொம்பக் குறைவு. அன்றைய கருவிகளுக்கு அது எட்டாத நுணுக்கம். மனுஷர் உயிரோடு இருந்தவரை அந்தக் கணக்கு தீரவே இல்லை.

2022 ஏப்ரலில் ஜப்பானின் யசுஹிரோ ஓபா தலைமையிலான குழு, மர்ச்சிசன் உட்பட மூன்று விண்கற்களை வேறு முறையில் சோதித்தது. இந்தத் தடவை அமிலத்தில் கொதிக்கவைக்காமல், குளிர்ந்த நீரில் மெதுவாகப் பிரித்தெடுத்தார்கள். ஐந்து எழுத்தும் கிடைத்தன. பொன்னம்பெரும அறிவித்து 39 வருடம். அவர் இறந்து 27 வருடம்.

கண்டியில் ஓர் ஆய்வகம்

அமெரிக்காவில் பேரும் புகழும் இருந்தபோதும் அவர் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் இல்லை. 1984-ல் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அறிவியல் ஆலோசகரானார். அதே வருடம் அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் யார் தெரியுமா? அதே சந்திர விக்ரமசிங்கதான். உயிர் எங்கிருந்து வந்தது என்பதில் எதிரெதிர் பாதையில் போனவர்கள் ஒரே நிறுவனத்தின் பொறுப்பை அடுத்தடுத்து ஏற்றார்கள்.

அந்த நிறுவனத்தைக் கண்டியில் ஹந்தானை மலையடிவாரத்தில் நிலைநிறுத்தியது பொன்னம்பெரும காலத்தில்தான். 1990 வரை அதை நடத்தினார். ஆர்தர் சி. கிளார்க் பெயரிலான நவீனத் தொழில்நுட்ப மையத்துக்கும் தொடக்கத்தில் இயக்குநராக இருந்தார். உள்நாட்டுப் போர் சூடுபிடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அடிப்படை அறிவியலுக்குப் பணம் கேட்பதே ஆடம்பரமாகத் தெரிந்த காலம். ஏழை நாட்டுக்கு எதுக்கு விண்கல் ஆராய்ச்சி என்ற கேள்வி இங்கேயும் அடிக்கடி வரும். சந்திரயான் சமயத்தில் நாமும் கேட்டோம். பொன்னம்பெரும இந்தக் கேள்விக்குச் செயலால் பதில் சொன்னவர். மூன்றாம் உலக நாட்டு இளைஞர்களும் உலகத் தரத்தில் ஆய்வு செய்ய வேண்டும் என்பதற்காக இத்தாலியின் திரியெஸ்தேயில் பாகிஸ்தானின் நோபல் விஞ்ஞானி அப்துஸ் சலாமோடு கைகோத்தார். சலாமுக்கும் உயிர்கள் ஏன் இடக்கையை மட்டும் தேர்ந்தெடுத்தன என்ற புதிர் பிடித்திருந்தது, அதைப் பற்றி 1991-ல் கட்டுரையே எழுதியிருந்தார்.

திரியெஸ்தேயில் 1992-ல் வேதிப் பரிணாம மாநாடுகள் தொடங்கின. 1994 டிசம்பர் 20-ம் தேதி வாஷிங்டனில் பொன்னம்பெரும மாரடைப்பால் காலமானார். வயது 71. அடுத்த வருடம் நடந்த திரியெஸ்தே மாநாடு அவர் நினைவாகவே நடத்தப்பட்டது.

பென்னுவும் புத்தளம் உப்பும்

கதை அவரோடு முடியவில்லை. விண்கல் விழும்வரை காத்திருப்பானேன், நாமே போய் எடுத்து வந்தால் என்ன? நாசாவின் ஒசைரிஸ் ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து சுமார் 121 கிராம் பொடியை அள்ளிக்கொண்டு 2023 செப்டம்பரில் பூமிக்கு அனுப்பியது. யார் விரலும் படாத, காற்றும் மழையும் தொடாத பொருள். 1970-ல் பொன்னம்பெரும குழு எந்தச் சந்தேகத்தோடு மல்லுக்கட்டியதோ, அந்தச் சந்தேகத்துக்கே இடம் இல்லாத மாதிரி.

2025 ஜனவரியில் முடிவு வந்தது. நம்ம புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. ஐந்து எழுத்துகளும் கிடைத்தன. கூடவே உப்புகள். பென்னுவின் தாய்க் கிரகத்துண்டில் ஒரு காலத்தில் உப்புநீர் தேங்கி, மெல்ல வற்றி, ஒவ்வோர் உப்பாகப் படிந்திருக்கிறது. சுவாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற எப்படிக் கெட்டியாகி உப்பு பூக்கிறதோ, அதே வேலைதான். (இலங்கையிலும் புத்தளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் உப்பளம்தான்!) நீர் வற்றும்போது அதில் கரைந்திருக்கும் மூலக்கூறுகள் நெருங்கி வரும், ஒன்றோடொன்று வினைபுரிய வாய்ப்பு கூடும். அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு இந்த உப்பின் மேல் இவ்வளவு ஆர்வம்.

இடது கை, வலது கை விஷயம் என்ன ஆனது? 1997-ல் மர்ச்சிசன் கல்லிலேயே சில அமினோ அமிலங்களில் இடக்கை வகை கொஞ்சம் தூக்கலாக இருப்பதாக வேறொரு குழு கண்டுபிடித்தது. அப்படியானால் உயிரின் இடக்கைப் பழக்கமே விண்வெளியிலிருந்து வந்ததோ என்று நிறைய பேர் எதிர்பார்த்தார்கள். பென்னுவில் பார்த்தால் இரண்டும் சரிசமம். எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

பென்னுவின் பொடியில் குறைந்தது 70 சதவீதத்தை நாசா இப்போது தொடாமல் பூட்டி வைத்திருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவிகளோடு வரப்போகும் ஆய்வாளர்களுக்காக.